இல்லாத ஜெர்மன் மேடம் போட்ட லெட்டர்

போன மாசம் ஃப்ரெண்டு வீட்டு ஃபங்ஷன்ல ஒரு பொண்ணு டாரோ கார்டு வச்சு எல்லாருக்கும் பலன் சொல்லிக்கிட்டு இருந்துச்சு. எனக்கு கிளி எடுத்தாலும் சரி மனுஷங்க எடுத்தாலும் சரி பெருசா நம்பிக்கை கிடையாது, ஆனா ஓசின்னா யாரு விடுவா, போய் உக்காந்துட்டேன். வந்தது ஹெர்மிட் கார்டு, பனிமலை மேல ஒரு கிழவர் கோலை ஊனிக்கிட்டு கையில லாந்தரோட நிக்கறார். "நீங்க தனியா நிறைய யோசிப்பீங்க"ன்னு அந்தப் பொண்ணு ஆரம்பிச்சுச்சு (யாரு தான் யோசிக்கல), என் கண்ணு என்னவோ கார்டோட கீழ் ஓரத்துலயே இருந்துச்சு, அங்க பாம்பு சுத்துன மாதிரி ஒரு குட்டி கிறுக்கல். இது என்னம்மான்னு கேட்டேன், "அதுவா, டிசைன்"னுருச்சு.

டிசைன் இல்லீங்க, கையெழுத்து. பமேலா கோல்மன் ஸ்மித்னு ஒரு ஓவியர் போட்டது. 1909ல 78 கார்டையும் அந்தம்மா தான் வரைஞ்சாங்க, "பெரிய வேலை, காசு ரொம்ப கம்மி"ங்கற மாதிரி தெரிஞ்சவருக்கு ஒரு லெட்டர் கூட போட்டிருக்காங்க. கார்டு செட்டுக்கு பேரு மட்டும் ரைடர்-வெயிட், ரைடர் பப்ளிஷர், வெயிட் அதுக்கு ஐடியா குடுத்தவர், வரைஞ்சவங்க பேரு ஓரத்துல கிறுக்கலா நின்னுருச்சு. சரி இந்த வெயிட்டும் பமேலாவும் எங்க பழக்கம்னு தேடினா ரெண்டு பேரும் ஒரே சங்கத்து மெம்பர், அப்படி ஆரம்பிச்சு ரெண்டு வாரமா நைட்டு தூக்கத்தை கெடுத்துக்கிட்டு படிச்சதைத் தான் இங்க கொட்டப் போறேன். சங்கத்தோட பேரு கோல்டன் டான், அதாவது 'பொன் விடியல்', மந்திரமும் சடங்கும் கத்துக் குடுத்த ஒரு ரகசிய சங்கம்.

இது ஆரம்பிச்ச கதையே ஒரு மர்மக்கதை. வில்லியம் வின் வெஸ்ட்காட்னு லண்டன்ல ஒரு கரோனர், அதாங்க சந்தேகப்படற மாதிரி யாராவது செத்தா விசாரிக்கற அதிகாரி. 1887 வாக்குல இவர் கைக்கு சங்கேத எழுத்துல எழுதுன சுமார் 60 தாள் வருது. எழுத்தை உடைச்சுப் பார்த்தா உள்ள இங்கிலீஷ்ல சடங்கு குறிப்புகள். அதோட ஜெர்மனில இருக்கற ஆனா ஸ்ப்ரெங்கல்ங்கற ஒரு மேடத்தோட அட்ரஸும் இருந்துச்சுன்னு சொன்னார். இவர் லெட்டர் போட்டாராம், அந்தம்மா பதில் போட்டு 'லண்டன்ல கிளை ஆரம்பிச்சுக்கோ, என் சார்பா நீயே கையெழுத்தும் போட்டுக்கோ'ன்னு அனுமதி குடுத்துட்டாங்களாம். 1888 மார்ச்ல ஐசிஸ்-யுரேனியா கோவில்னு லண்டன்ல கடை திறந்தாச்சு. கூட ரெண்டு பேர், வுட்மேன்னு ஒரு டாக்டர், மேதர்ஸ்னு காசில்லாத ஒரு அதிபுத்திசாலி. மூணு பேரும் ஃப்ரீமேசன், அதாவது சடங்கும் ரகசியமுமா நடக்கற ஒரு பழைய சங்கத்து ஆளுங்க.

1890ல மேடம் செத்துப் போயிட்டாங்க, இனிமே ஜெர்மனிக்கு லெட்டர் போடாதீங்க, எந்த உதவியும் கிடைக்காதுன்னு தகவல் வருது. எவ்வளவு வசதி பாருங்க.

அப்படி ஒரு மேடம் இருந்ததுக்கு இன்னிக்கு வரைக்கும் ஆதாரம் இல்ல. பின்னாடி 1970கள்ல எல்லிக் ஹோவ்ங்கறவர் அந்த லெட்டர்களை தோண்டி எடுத்து ஆராய்ஞ்சப்ப, அதுல இருந்த ஜெர்மன் ஜெர்மன்காரங்க எழுதற ஜெர்மன் மாதிரியே இல்ல, இங்கிலீஷ் வாடை அடிக்குதுன்னு தெரிஞ்சுது. யாரு எழுதியிருப்பாங்கன்னு நான் வேற சொல்லணுமா.

சரி ஃப்ராடுன்னு மூடிட்டு போயிடலாம்னு தான் நானும் நினைச்சேன், ஆனா இவங்க உள்ள என்ன படிச்சாங்கன்னு பார்த்ததும் மனசு மாறிருச்சு. பேய் ஓட்டறது பில்லி சூனியம் எல்லாம் இல்ல, ஆரம்ப லெவல்ல இருக்கறவங்களுக்கு வெறும் படிப்பு தான், ஏதோ டிஎன்பிஎஸ்சி கோச்சிங் மாதிரி. ஹீப்ரு எழுத்து மனப்பாடம், கிரகக் குறியீடு மனப்பாடம், ஒவ்வொரு படிக்கும் எக்ஸாம், பாஸ் ஆனா தான் அடுத்த தீட்சை. படிகளுக்கு வச்ச நம்பர் தான் முதல்ல எனக்கு தலையே சுத்துச்சு, 1=10, 2=9, 3=8ன்னு போகும். யூதர்களோட கபாலா மரபுல உயிர் மரம்னு ஒண்ணு உண்டு, கடவுள்கிட்ட இருந்து உலகம் பத்து நிலையா இறங்கி வந்ததுன்னு அதுல கணக்கு. நாம நிக்கறது பத்தாவது நிலை, இந்த மண்ணு. கீழ இருந்து எண்ணுனா ஒண்ணு, மேல இருந்து எண்ணுனா பத்து, அதான் 1=10. மனுஷன் திரும்ப ஒவ்வொரு நிலையா மேல ஏறணும். பத்து நிலையையும் இணைக்கற 22 பாதை, ஹீப்ருல 22 எழுத்து, டாரோல 22 பெரிய கார்டு, மூணையும் ஒண்ணோட ஒண்ணு கோத்து வச்சிருக்காங்க. எனக்கு வந்த கிழவரும் சும்மா வரல, அவருக்கும் ஒரு எழுத்து ஒரு பாதை உண்டு.

முதல் தீட்சை எப்படி நடக்கும்னா, கண்ணைக் கட்டி இடுப்புல மூணு சுத்து கயிறு கட்டி கூட்டிட்டு வருவாங்க. ஒரு கறுப்புத் தூண், ஒரு வெள்ளைத் தூண், எகிப்து சாமிகளோட இடத்துல நின்னு சடங்கு நடத்தற ஆளுங்க. சத்தியம் எல்லாம் வாங்கிட்டு கட்டை அவுப்பாங்க. கடைசில ஒரு பிரசாதம் மாதிரி, ரோஜாப்பூவை மோந்து பாக்கணும், அது காத்து. விளக்குச் சூட்டுல கையை காட்டணும், அது நெருப்பு. ரொட்டியும் உப்பும், அது மண்ணு. வைன், அது தண்ணி. நம்ம ஊர்ல தீபாராதனைத் தட்டுல கையை ஒத்தி கண்ணுல வச்சுக்கறவங்களுக்கு இதெல்லாம் அந்நியமாவே தெரியாது.

மேல் படிக்கு வந்தவங்களுக்கு தான் மந்திர வேலையே. அவங்களுக்குன்னு ஏழு சுவர் வச்ச ஒரு ரூம், ஒவ்வொரு சுவரும் 5 அடி அகலம் 8 அடி உயரம், முழுக்க கலர் கட்டம், நடுவுல சவப்பெட்டி. ரோசிக்ரூசியன்னு ஒரு பழைய ஐரோப்பிய ரகசியக் கூட்டம், அவங்க கதையில ஸ்தாபகரா வர்ற ரோசன்க்ராய்ட்ஸோட கல்லறையாம் அது. தீட்சை வாங்கறவரை சிலுவையில கட்டி உறுதிமொழி எடுக்க வைப்பாங்க, அப்புறம் பெட்டியைத் திறந்தா உள்ள தலைவரே படுத்திருப்பார். அந்த உறுதிமொழியோட சாரம் என்னன்னா, என் இயல்பை சுத்தமாக்கி, மனுஷ நிலையைத் தாண்டி, எனக்குள்ள இருக்கற உயர்ந்த தெய்வீகத்தோட ஒண்ணாவேன்ங்கறது. மத்த அலங்காரத்தை எல்லாம் கழட்டிட்டு பார்த்தா இவ்வளவு தான் விஷயம்.

எனக்கு தூக்கிவாரிப் போட்ட இடம் ஒண்ணு உண்டு, தத்வா கார்டு. பேரைப் பாருங்க, நம்ம தத்துவம் தான், பிருதிவி அப்பு தேயு வாயு ஆகாசம் அஞ்சும் அப்படியே இருக்கு. மஞ்சள் சதுரம் மண்ணு, வெள்ளிப் பிறை தண்ணி, சிவப்பு முக்கோணம் நெருப்பு. சிவப்பு முக்கோணத்தையே கண் சிமிட்டாம பார்த்துட்டு டக்குனு வெள்ளைச் சுவத்துக்கு கண்ணை மாத்துனா பச்சை கலந்த நிழலா அதே முக்கோணம் தெரியும் (நான் மொபைல்ல செஞ்சு பார்த்தேன், தெரியுது, கண்ணும் வலிக்குது). அதை ஒரு கதவா நினைச்சு மனசால உள்ள நடந்து போகணும். இது தியோசபிகல் சொசைட்டிக்காரங்க (அதாங்க, அடையார் பிரம்ம ஞான சபை) வழியா லண்டனுக்குப் போன நம்ம சரக்கு. நம்ம சைவ சாத்திரத்துலயும் நிலம் நாற்கோணம், நீர் பாதி மதி, தீ முக்கோணம் தானே. காத்தும் ஆகாயமும் மட்டும் மாறுது, நமக்கு அறுகோணமும் வட்டமும், அவங்களுக்கு நீல வட்டமும் கறுப்பு முட்டையும்.

அதனால அந்த லெட்டர் விஷயத்துல நான் ரொம்ப சிரிக்கறதில்ல. நேத்து எழுதுன பாட்டை அகத்தியர் பேர்லயும் போகர் பேர்லயும் ஏத்திவிடறது நம்ம ஊர்ல நடக்காததா? 'நானே யோசிச்சேன்'னு சொன்னா எவன் வருவான், ஒரு குருபரம்பரை வேணும்ல. வெஸ்ட்காட் அகத்தியருக்குப் பதிலா ஒரு ஜெர்மன் மேடத்தை வச்சுக்கிட்டார். லெட்டர் பொய், பாடம் அசல், என்னோட முடிவு இது தான். அசல் இல்லாம கவிஞர் யேட்ஸ் 1890ல சேர்ந்து அத்தனை வருஷம் விடாம இருந்திருக்க மாட்டார். ஃப்ரீமேசன்ல பொம்பளைங்களுக்கு இடமே கிடையாத காலத்துல இங்க நடிகை ஃப்ளாரன்ஸ் ஃபார் லண்டன் கோவிலுக்கே தலைமை.

கவுந்தது எப்படின்னா எல்லா சங்கமும் கவுற மாதிரி தான், ஈகோ. வுட்மேன் முன்னாடியே போய் சேர்ந்துட்டார், 1897ல வெஸ்ட்காட் வேலைக்கு ஆபத்து வரும்னு ஒதுங்கிட்டார் (கரோனர் மந்திரவாதியா இருந்தா கவர்மென்ட் சும்மா விடுமா). பாரிஸ்ல உக்காந்து நாட்டாமை பண்ணிக்கிட்டு இருந்த மேதர்ஸ் 1900 பிப்ரவரில ஃபாருக்கு லெட்டர் போட்டு, அந்த ஸ்ப்ரெங்கல் லெட்டர் எல்லாம் வெஸ்ட்காட் பண்ண போலின்னு போட்டு உடைச்சுட்டார். தன் மரியாதையை காப்பாத்திக்க எழுதுனது மொத்த வீட்டுக்கும் தீ வச்சுருச்சு. லண்டன்காரங்க விசாரணைக் குழு போட்டாங்க, மேதர்ஸ் தன் சிஷ்யன் அலைஸ்டர் க்ரௌலியை அனுப்பி ப்ளைத் ரோட்ல இருந்த கோவில் ரூமைப் பிடிக்கச் சொன்னார். அந்தாளு ஸ்காட்லாந்து உடுப்பு, முகத்துல கறுப்பு முகமூடி, இடுப்புல கத்தியோட வந்து நிக்க, போலீஸ்காரர் வந்து வெளிய அனுப்பிட்டார். பிரபஞ்ச ரகசியம் தெரிஞ்சவங்க சண்டை கடைசில பூட்டை மாத்தறதுல வந்து நின்னுச்சு. கேஸ் கோர்ட்டுக்குப் போயி க்ரௌலி வாபஸ் வாங்கி 5 பவுண்டு செலவுத்தொகை கட்டினார். அவர் அப்புறம் 1904ல கெய்ரோல தெலீமான்னு தனி மதமே ஆரம்பிச்சது பெரிய கதை, அதுக்கு வேற போஸ்ட்டே போடணும்.

என்னை இன்னும் விடாம பிடிச்சிருக்கறது ஆலன் பென்னட் தான். க்ரௌலிக்கு குரு மாதிரி, கோல்டன் டான்ல பெரிய கைன்னு பேரெடுத்தவர், கடுமையான ஆஸ்துமா. குளிர் தாங்காம 1900ல சிலோனுக்கு கப்பல் ஏறிட்டார். அங்க அவருக்கு கிடைச்ச வேலை என்ன தெரியுமா, நம்ம பொன்னம்பலம் ராமநாதன் வீட்டுல சின்னப் பசங்களுக்கு ட்யூஷன். சொலிசிட்டர் ஜெனரலா இருந்தவர், தஞ்சாவூர் சாமியார் ஒருத்தர்கிட்ட உபதேசம் வாங்குன பழுத்த சைவர். பென்னட் அவர்கிட்ட யோகம் கத்துக்கிட்டார், 1901ல தேடி வந்த க்ரௌலிக்கு கண்டில ஒரு பங்களா எடுத்து ஆசனமும் பிராணாயாமமும் சொல்லிக் குடுத்தார். பென்னட் மட்டும் திரும்ப மந்திரம் பக்கமே போகல, பர்மாவுக்குப் போய் பிக்குவாகி ஆனந்த மெத்தேய்யான்னு பேரு மாத்திக்கிட்டார். 1908ல லண்டனுக்கு காவியோட புத்த தர்மம் சொல்ல வந்து இறங்குனப்ப பழைய சங்கம் மூணு நாலு துண்டா உடைஞ்சு ஆளுக்கொரு பேர்ல நடத்திக்கிட்டு இருந்தாங்க.

கண்டில அந்த பங்களா எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க, டிசம்பர்ல அந்தப் பக்கம் போற பிளான் இருக்கு.