பழைய டாக்குமென்டேஷனை அழிக்காதீர்கள், அடையாளம் போட்டு வையுங்கள்

போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் 12-ஆம் பதிப்பு வெளிவந்தது 2019 அக்டோபரில். அதுவரை ஸ்டான்ட்பை சர்வர் (முக்கிய சர்வரின் நகலாக ஓடும் மாற்று சர்வர்) அமைப்பதற்கு ரெக்கவரி.கான்ஃப் என்று தனியாக ஒரு கோப்பு எழுத வேண்டும். 12-இல் அந்தக் கோப்பையே எடுத்துவிட்டு, உள்ளே இருந்தவற்றை முக்கிய கான்ஃபிக் கோப்பில் சேர்த்துவிட்டார்கள். இப்போது ஒருவர் கூகுளில் தேடி, பழைய 9.6 பதிப்புக்கான பக்கத்தில் போய் விழுந்து, அதில் சொன்னபடியே அந்தக் கோப்பை உருவாக்கினால் புது சர்வர் ஸ்டார்ட் ஆகவே மறுத்துவிடும். அந்தப் பக்கத்தில் எழுதியிருப்பது அதன் பதிப்புக்கு முழுக்கச் சரி. படிக்கிறவர் கையில் இருக்கும் பதிப்புதான் வேறு.

இதைப் பார்த்ததும் பல குழுக்கள் எடுக்கும் முடிவு, பழைய பக்கங்களைத் தூக்கிவிடலாம் என்பது. எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. பைதான் மொழியின் 2.7 பதிப்புக்கு ஆதரவு 2020 ஜனவரி 1-ஓடு முடிந்தது, ஆனால் அதைத் தன்னோடு சேர்த்துக் கொண்டுவந்த சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் இயங்குதளம் 2024 ஜூன் வரை ஆதரவில் இருந்தது, அதை நம்பி எத்தனையோ சர்வர்கள் ஓடிக்கொண்டிருந்தன, அவற்றைப் பராமரிக்கிறவருக்கு அந்தப் பழைய பக்கம்தான் வேண்டும். அவர் முன்னால் 'பக்கம் இல்லை' என்ற 404 பிழையை நீட்டுவது அநியாயம்.

போஸ்ட்கிரெஸ் குழு இதைக் கையாளும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். பழைய பக்கத்தைத் திறந்தால், இது ஆதரவு முடிந்த பதிப்பு என்று மேலேயே எச்சரிக்கை இருக்கும், பக்கத்திலேயே மற்ற பதிப்புகளுக்கான லிங்க்குகளும். அந்த லிங்க் முகப்புக்குப் போகாது, புதுப் பதிப்பில் அதே தலைப்புள்ள பக்கத்துக்கே போகும். பேனர் போடுகிற பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்: "புதிய பதிப்பைப் பாருங்கள்" என்று சொல்லி முதல் பக்கத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டால், அவசரத்தில் இருக்கிறவர் திரும்பி வந்து பழையதையே படிப்பார். சரி, புதுப் பதிப்பில் அந்தத் தலைப்பே இல்லையென்றால்? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். நீக்கப்பட்ட, பெயர் மாறிய விஷயங்களுக்கென்றே கடைசியில் ஒரு பின்னிணைப்பு. ரெக்கவரி.கான்ஃப் எங்கே போனது என்பதும், 10-ஆம் பதிப்பில் பிஜி_எக்ஸ்லாக்டம்ப் என்ற கருவியின் பெயர் பிஜி_வால்டம்ப் ஆனதும் அதில் இருக்கிறது. பழைய பெயரைத் தேடி வருகிறவர் வெறுங்கையோடு திரும்ப மாட்டார்.

அப்புறம் தேடுபொறி. ஒரே தலைப்பில் பத்துப் பதிப்புகளின் பக்கங்கள் கிடந்தால் எதை முன்னால் காட்டுவது என்று கூகுளுக்குத் தெரியாது, பல வருடங்களாக லிங்க் சேர்ந்த பழைய பக்கம் எளிதாக மேலே வந்துவிடும். இதற்குத்தான் கனானிக்கல் லிங்க். 2009-இலேயே கூகுள், யாகூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து அறிவித்த வசதி. பழைய பக்கத்தின் தலைப்பகுதியில் ஒரே வரி: இதன் முதன்மைப் பிரதி இன்ன முகவரியில். கட்டாய உத்தரவு இல்லை, பரிந்துரைதான், ஆனாலும் பெரும்பாலும் வேலை செய்யும். ஆனால் தேடுபொறி எதைத் திறக்கலாம், எதைத் திறக்கக் கூடாது என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் பழைய பதிப்புகளைத் தடுத்துவிட்டு கனானிக்கலும் போட்டு வைக்காதீர்கள். தடுத்த பக்கத்தை கூகுள் திறந்தே பார்க்காது, உள்ளே எழுதிய வரி அதன் கண்ணில் படாது. வேறு தளங்களின் லிங்க் வழியாக அந்த முகவரி மட்டும் தேடலில் வந்துகொண்டே இருக்கும்.

முகவரியிலும் கவனம் வேண்டும். டாக்குமென்டேஷனை வெளியிட உதவும் ரீட் த டாக்ஸ் தளத்தில் 'லேட்டஸ்ட்' என்பது வழக்கமாக டெவலப்மென்ட் கிளையைக் காட்டும், வெளியான கடைசிப் பதிப்பு 'ஸ்டேபிள்'. புதிதாக வருகிறவர் லேட்டஸ்ட் என்றால் தான் நேற்று இன்ஸ்டால் செய்தது என்றுதான் நினைப்பார், இன்னும் வெளியாகாத வசதியை முயன்று பார்த்துக் குழம்புவார். உங்கள் டாக்குமென்டேஷன் அங்கே இருந்தால், இயல்பாகத் திறக்கும் பதிப்பை ஸ்டேபிளுக்கு மாற்ற அட்மின் பக்கத்தில் ஒரு செட்டிங் போதும்.