புதன்கிழமைக் கூட்டம்: ஒரு கதிரியல் துறையைப் பொறுப்பேற்ற அனுபவம்

எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்து நோயைக் கண்டறியும் கதிரியலை நான் படிக்கச் சேர்ந்த 1996-ஆம் ஆண்டில், அது மெடிசினும் சர்ஜரியும் கிடைக்காதவர்கள் எடுக்கும் படிப்பு என்ற பேச்சு இருந்தது. இன்று முதுநிலைக் கலந்தாய்வில் முன்வரிசை மாணவர்கள் போட்டி போட்டு எடுக்கும் பிரிவுகளில் அதுவும் ஒன்று. என்னுடன் படித்தவர்களிடம் இதைச் சொல்லி இப்போதும் சிரிப்பதுண்டு.

இரண்டாண்டு டிப்ளமா முடித்ததும் ஒரு மாவட்ட மருத்துவமனையில், 'நுண்கதிர்ப் பிரிவு' என்று எழுதிய கதவுக்குப் பின்னால் வேலையைத் தொடங்கினேன். இருட்டறையில் சிவப்பு விளக்கின் கீழ், ஹேங்கரில் மாட்டிய ஃபிலிம் டெவலப்பர் தொட்டியிலிருந்து தண்ணீருக்கும், அங்கிருந்து ஃபிக்ஸருக்கும் போய் வெளியே வரும். அது காயும்வரை யாரும் காத்திருப்பதில்லை. இரவில் விபத்து நோயாளி வந்துவிட்டால் சர்ஜன் நேராக எங்கள் அறைக்கே வந்துவிடுவார். நீர் சொட்டும் படத்தை வியூ பாக்ஸ் என்ற வெளிச்சப் பெட்டியில் வைத்து இருவரும் தோளோடு தோள் நின்று பார்ப்போம். எழுதப்பட்ட அறிக்கை மறுநாள்தான் போகும். ஆனால் சொல்ல வேண்டியது அப்போதே சொல்லப்பட்டிருக்கும், அவர் கேட்க நினைத்ததும் கேட்கப்பட்டிருக்கும். அந்த ஈரப் படத்தின் அருமை பல ஆண்டுகள் கழித்துத்தான் எனக்கு விளங்கியது.

பிறகு எம்.டி. முடித்தேன். சிடி வந்தது, எம்ஆர்ஐ வந்தது, இடமாற்றங்கள் வந்தன. 2016-இல் ஒரு மருத்துவக் கல்லூரியில் துறைத் தலைவராகப் பொறுப்பேற்றபோது இருட்டறை ஸ்டோர் ரூமாகியிருந்தது. படங்கள் எல்லாம் 'பேக்ஸ்' எனப்படும் கணினிச் சேமிப்பில் இருந்தன. எந்த வார்டிலிருந்தும் திறந்து பார்க்கலாம். அதனால் எங்கள் அறைக்கு யாரும் வருவதே இல்லை. நாங்கள் எழுதினோம், அவர்கள் படித்தார்கள், அல்லது படிக்கவில்லை. இதில் ஏதோ குறை இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை. தலைமைப் பொறுப்பு என்பது புதிய இயந்திரத்துக்குக் கோப்பு எழுதுவதும், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமத்தைக் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்வதும், கர்ப்பிணிகளின் ஸ்கேனுக்கான 'எஃப்' படிவங்களில் ஒரு கட்டம்கூடக் காலியாக விடப்படாமல் கவனிப்பதும்தான் என்று முதல் சில மாதங்கள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நினைப்பைக் கலைத்தது ஓர் இரவு எடுக்கப்பட்ட வயிற்று சிடி. கல்லீரலுக்கு முன்னால் கறுப்பாக ஒரு காற்றுப் பட்டை தெரிந்தது. குடலில் ஓட்டை விழுந்திருப்பதன் அடையாளம் அது. பணியில் இருந்த முதுநிலை மாணவி அதைச் சரியாகக் கண்டுபிடித்து, நள்ளிரவு 1.10-க்குத் தெளிவான அறிக்கையும் எழுதி, கணினியில் ஏற்றிவிட்டார். வார்டில் அதை யாரோ திறந்து பார்த்தபோது காலை 8 மணி ஆகியிருந்தது. நோயாளி பிழைத்தார், ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்று வாரம் கிடக்க வேண்டியதாயிற்று. விசாரணையில் எங்கள் துறைமீது பிழையில்லை என்று முடிவானது. அந்தக் கடிதத்தைப் படித்தபோது எனக்கு வந்தது நிம்மதியல்ல, வெட்கம். அறிக்கை சரியாக இருந்தது, நேரமும் சரியாக இருந்தது, ஏழு மணி நேரம் யாரும் யாரிடமும் பேசவில்லை.

உடனே ஒரு பதிவேடு போடுவது என்று முடிவு செய்தேன். உயிருக்கு ஆபத்தான எதையாவது பார்த்தால், படத்தைப் பார்த்தவரே வார்டுக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் பெயர், கேட்டவர் பெயர், நேரம் மூன்றையும் எழுத வேண்டும். கேட்க எளிதாக இருக்கும் இந்த ஏற்பாட்டுக்கு மற்றத் துறைத் தலைவர்களின் ஒப்புதலைப் பெற இரண்டு மாதம் ஆனது. எது 'அவசரம்' என்பதில்தான் தகராறு. ஆளுக்கொரு நோயைச் சேர்க்கச் சொன்னார்கள். எல்லாவற்றையும் சேர்த்தால் தொலைபேசி ஓயாது, ஓயாமல் ஒலிக்கும் தொலைபேசியை யாரும் எடுக்கவும் மாட்டார்கள். கடைசியில் மூளைக்குள் ரத்தக் கசிவு, இதயத்தையே ஒரு பக்கம் தள்ளும் அளவுக்கு நெஞ்சறையில் சேர்ந்த காற்று, நுரையீரல் ரத்தக்குழாய் அடைப்பு, குடல் ஓட்டை, கருக்குழாயில் தங்கி வெடித்த கரு என்று ஒரு பக்கத்துக்குள் அடங்கும் பட்டியலில் நின்றோம்.

முதல் மாதப் பதிவேட்டைப் புரட்டியபோது, 'கேட்டவர்' என்ற கட்டத்தில் பாதி இடங்களில் 'வார்டுக்குச் சொல்லப்பட்டது' என்றே எழுதியிருந்தது. வார்டு என்பது ஓர் ஆளல்ல என்று மாணவர்களிடம் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப்போயிற்று. மறுமுனையில் பெயர் கேட்டால் கோபித்துக்கொள்கிறார்கள் என்றார்கள். ஒரு வாரம் இரவுப் பணியில் நானே உட்கார்ந்து அழைத்தேன். உண்மைதான், கோபித்துக்கொண்டார்கள். அழைப்பது துறைத் தலைவர் என்று தெரிந்ததும் பெயரைச் சொன்னார்கள். அடுத்த வாரத்திலிருந்து மாணவர்களுக்கும் சொன்னார்கள்.

இதுவரை நடந்ததெல்லாம் மற்றவர்களைத் திருத்தும் வேலை. அடுத்தது அப்படி அமையவில்லை. 2018-இல் இருமலில் ரத்தம் வருகிறது என்று ஒருவரைச் சேர்த்திருந்தார்கள். சிடியில் வலது நுரையீரல் உச்சியில் பெரிய கட்டி. பழைய படம் ஏதேனும் இருக்கிறதா என்று தேடியபோது, பதினோரு மாதங்களுக்கு முன் குடலிறக்க அறுவைக்காக எடுத்த மார்பு எக்ஸ்ரே கிடைத்தது. 'நுரையீரல்கள் இயல்பு' என்று அறிக்கை. கீழே என் கையொப்பம். காறை எலும்பின் பின்னால், புளியங்கொட்டை அளவில் அந்த நிழல் இருந்தது. இருக்கிறது என்று தெரிந்த பிறகு அதைப் பார்க்காமலிருக்க முடியவில்லை. அவருடைய மகன் என் அறைக்கு வந்து, "போன வருஷமும் இங்கேதானே டாக்டர் படம் எடுத்தோம்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்தப் படத்தையும் எடுத்துக் காட்டி, நான் விட்டுவிட்டேன் என்பதையும் சொன்னேன். அவர் வெகுநேரம் எதுவும் பேசவில்லை.

அடுத்த புதன்கிழமை மதியம் துறையில் எல்லோரையும் கூட்டி, அறிக்கையையும் கையொப்பத்தையும் மறைக்காமல் அந்தப் படத்தைத் திரையில் போட்டேன். அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். ஏன் விட்டேன் என்று யோசித்ததையும் சொன்னேன்: அறுவைக்கு முந்தைய படம் என்பதால் இயல்பாகத்தான் இருக்கும் என்ற எண்ணம், பட்டியலில் அது மதியத்துக்குப் பிந்தைய படம், உச்சிப் பகுதியைத் தனியாகப் பார்க்கும் பழக்கம் அன்று தவறிப்போனது. 2013-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வையும் காட்டினேன். நுரையீரல் சிடியில் சிறு கட்டிகளைத் தேடச் சொல்லி, படத்துக்குள் ஒரு கொரில்லா உருவத்தை ஒளித்து வைத்திருந்தார்கள். 24 கதிரியல் மருத்துவர்களில் 20 பேர் அதைக் கவனிக்கவில்லை. அவர்களில் பலருடைய கண்கள் அந்த இடத்தின்மீதே பதிந்திருந்தன. மாணவர்கள் சிரித்தார்கள், பிறகு சிரிப்பு நின்றது.

கூட்டத்தை வாரந்தோறும் நடத்துவது என்றதும், மூத்த பேராசிரியர் ஒருவர் இது மாணவர்கள் முன் ஆசிரியர்களை நிறுத்தி வைத்து விசாரிப்பது போல இருக்கிறது என்று எழுத்திலேயே ஆட்சேபித்தார். அவர் அச்சத்தில் நியாயம் இருந்தது. ஆகவே படத்தை வாசித்தவர் பெயர் மறைக்கப்பட்டது. 'யார்' என்ற கேள்விக்கு இடமில்லை என்று விதி வைத்தோம். ஒரு முறிவைக் கண்ட திருப்தியில் அடுத்த முறிவைத் தேடாமல் விடுவது, பழைய படத்தோடு ஒப்பிடாதது, வேண்டுகோள் சீட்டில் நோய்க்குறிப்பே இல்லாதது என்று காரணங்களின் பெயரில்தான் ஒவ்வொன்றையும் பதிந்தோம். ஆட்சேபித்தவர் எட்டு மாதம் கூட்டத்துக்கு வரவில்லை. ஒரு நாள் தாமே ஒரு படத்தைக் கொண்டுவந்து, பெயரை மறைக்க வேண்டாம் என்றார்.

நிர்வாகம் கற்றுத்தந்த சில்லறைப் பாடங்களும் உண்டு. ஒரு காலாண்டில் எங்கள் நுட்புநர் ஒருவரின் டிஎல்டி பேட்ஜ், அதாவது அணிந்தவர் உடலில் படும் கதிர்வீச்சை அளக்கும் வில்லை, மிக அதிகக் கதிர்வீச்சைக் காட்டியதாக அறிவிப்பு வந்தது. கதிர்வீச்சின் அளவு ஆண்டுக்கு 30 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது, ஐந்தாண்டுச் சராசரி 20-ஐ மீறக் கூடாது என்பது விதி. விசாரித்ததில், அவர் பேட்ஜைக் கழற்றாமல், கதிர்வீச்சைத் தடுக்க அணியும் ஈய ஏப்ரனோடு சேர்த்து எக்ஸ்ரே அறைக்குள்ளேயே மாட்டிவிட்டுப் போனது தெரிந்தது. கதிர்வீச்சு பட்டது அவர்மீதல்ல, ஆணியில் தொங்கிய ஏப்ரன்மீது. அதை விளக்கி எழுத நான்கு கடிதங்கள் தேவைப்பட்டன.

பதிவேடு இப்போது ஏழாவது புத்தகத்தில் ஓடுகிறது. 'கேட்டவர்' கட்டத்தில் பெயர்தான் இருக்கிறது, எப்போதாவது 'வார்டு' என்றும் இருக்கிறது. வரும் புதன்கிழமைக்கு நான்கு படங்கள் எடுத்து வைத்திருக்கிறோம். மூன்று படங்களை வாசித்தவர்களே எடுத்துக் கொடுத்தார்கள். நான்காவது ஒரு மணிக்கட்டு எக்ஸ்ரே, ஸ்காஃபாய்டு என்ற சிறு எலும்பில் மயிரிழை போன்ற முறிவு. அதை வாசித்தது நான்.