நேரானதா, வளைந்ததா

"வளைஞ்சதைக் கொடுக்கட்டுமா டாக்டர்?" சிஸ்டர் கேட்டது அவ்வளவுதான். கண்புரையை அல்ட்ராசவுண்டால் உடைத்து உறிஞ்சும் டிப், அதாவது ஊசிமுனை, பற்றிய கேள்வி. "வேண்டாம், நேரானதே போதும்" என்றேன். மூன்று மாதமாக அந்த ஒரு பதிலைத்தான் மனதில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட்டில் நாற்பது வருடம் கொழுந்து பறித்த பாட்டி. புரை முற்றிப் பழுப்பேறிக் கல்லாகியிருந்தது. நான் எடுத்தது 30 டிகிரி சாய்வுள்ள நேர் டிப். அது முன்னும் பின்னும் இடித்து உடைக்கும். மென்மையான புரையில் தொந்தரவே இல்லை. இந்த மாதிரிக் கெட்டியான கருவில், அதாவது லென்ஸின் நடுப்பகுதியில், ஒவ்வொரு இடிக்கும் துண்டு எகிறி விலகும், மறுபடி உறிஞ்சிப் பிடிக்க வேண்டும். சிஸ்டர் சொன்னது கெல்மன் டிப், அதன் முனை வளைந்திருக்கும். டார்ஷனல் முறையில், அதாவது முறுக்கி அசையும்போது, அது பக்கவாட்டில் சீவிக்கொண்டே போகும். துண்டு அவ்வளவாக எகிறாது, அல்ட்ராசவுண்டும் குறைவாகச் செலவாகும். தெரியாமல் ஒன்றும் சொல்லவில்லை நான்.

ஆனால் என் கை நேர் டிப்பில் பழகிய கை. வளைந்த முனை உள்ளே எங்கே நிற்கிறது என்பது இன்னும் எனக்குக் கைவரவில்லை. லென்ஸைப் பொதிந்த பையின் பின்சவ்வு நடுவில் சுமார் 4 மைக்ரான் கனம்தான். அது கிழிந்து துண்டு பின்னால் இருக்கும் கூழான விட்ரியஸில் விழுந்தால், பாட்டியை மலையிறக்கிக் கோயம்புத்தூருக்கு அனுப்ப வேண்டும். பழகாத கருவியை அந்தக் கண்ணிலா பழகுவது? கூடாது என்றுதான் இன்றும் சொல்வேன்.

சரி, அப்படியானால் எளிய புரைகளில் ஏன் பழகிக்கொள்ளவில்லை? மெஷின் வந்து ஒரு வருடமாகிறது. அல்ட்ராசவுண்டே இல்லாமல், சிறு கீறல் வழியாகக் கருவை முழுசாக எடுத்திருக்கலாம். அது எனக்கு நன்றாகக் கைவந்த முறை. அன்று அது நினைவுக்கே வரவில்லை.

பை கிழியவில்லை. மறுநாள் கட்டுப் பிரித்ததும் பாட்டி ஜன்னல் பக்கம் திரும்பி, "மஞ்சு இன்னும் கலையலையா சாமி?" என்றார். வெளியே நல்ல வெயில். அல்ட்ராசவுண்ட் அதிகமாகச் செலவானதில் கார்னியா, கண்ணின் முன்பக்கத் தெளிந்த படலம், வீங்கியிருந்தது. சொட்டு மருந்தில் இரண்டு வாரத்தில் தெளிந்துவிட்டது, பாட்டிக்கும் சந்தோஷம். ஆனால் கார்னியாவின் உள்வரிசைச் செல்கள் போனால் போனதுதான், திரும்ப முளைக்காது. வளைந்த டிப்பிலும் அத்தனை போயிருக்குமோ? இருக்கலாம். அப்படி நினைத்தால் அன்று ராத்திரி தூக்கம் வருகிறது, அதனாலேயே அதை நம்பத் தயக்கமாக இருக்கிறது.

அடுத்த மாதம் பாட்டிக்கு இன்னொரு கண். அதிலும் அதே நிறப் புரை. சிஸ்டர் இப்போதெல்லாம் கேட்பதில்லை. இரண்டு டிப்பையும் ட்ரேயில் வைத்துவிட்டுப் பேசாமல் நிற்கிறார்.