மசாடா மாடல்: மூன்றாவது முறையில் நின்ற சரிவுப்பாதை

தெர்மோகோல் மலை ஒருவழியாகத் தயார். 1:2000 அளவில் செய்கிறேன். மசாடா, இஸ்ரேலில் சாக்கடல் ஓரத்தில் இருக்கும் பழைய மலைக்கோட்டை. அதன் உச்சி ஏறக்குறைய 600 மீட்டர் நீளம், 300 மீட்டர் அகலம். என் மேஜையில் 30-க்கு 15 சென்டிமீட்டர். முதலில் செய்த மலைக்கு நேரடியாக ஸ்ப்ரே பெயின்ட் அடித்துவிட்டேன், குழிகுழியாக உருகிப்போனது. இந்த முறை பசையில் நனைத்த செய்தித்தாளை ஒட்டிக் காயவிட்டு, அப்புறம்தான் வண்ணம்.

கி.பி. 70-ல் ஜெருசலேம் ரோமர்களிடம் விழுந்த பிறகும் யூதக் கலகக்காரர்கள் சிலர் இந்தக் கோட்டையை விடவில்லை. 73 வாக்கில் ரோமத் தளபதி ஃபிளாவியஸ் சில்வா பத்தாவது லீஜியன் என்ற படைப்பிரிவோடு வந்து, யாரும் தப்பாதபடி மலையைச் சுற்றிச் சுமார் 4 கிலோமீட்டருக்குக் கல்மதில் எழுப்பினார். எனக்கு அது 2 மீட்டர் சணல். பசை தடவி, மணலில் புரட்டி, மேடுபள்ளத்தோடு படியவைக்க ஒரு ஞாயிறு முழுதும் ஆனது. எட்டு முகாம்களை அட்டையில் வெட்டி ஒட்டினேன். இரண்டு பெரியவை, ஆறு சிறியவை.

மேற்குப் பக்கம் கோட்டை மதிலை எட்ட ரோமர்கள் எழுப்பிய சரிவுப்பாதைதான் படுத்திவிட்டது. மணலையும் பசையையும் குழைத்து அடியிலிருந்து குவித்தேன். காய்ந்ததும் வெடித்துச் சரிந்தது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் செய்ததும் பாளமாகப் பெயர்ந்து வந்தது. சரி, ரோமர்கள் எப்படித்தான் கட்டினார்கள் என்று திரும்பப் படித்தேன். அவர்கள் தரையிலிருந்து தொடங்கவே இல்லை. அங்கே இயற்கையாகவே ஒரு பாறை முதுகு இருந்திருக்கிறது. அதன்மேல் மரங்களை அடுக்கி, மண்ணும் கல்லும் நிரப்பியிருக்கிறார்கள். அந்த மரத்துண்டுகள் இன்றும் மண்ணுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கின்றன.

நானும் தெர்மோகோலில் முதுகை வெட்டி ஒட்டினேன். தென்னை ஈர்க்கைத் துண்டு துண்டாக நறுக்கிக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, இடையில் மண் குழைவைத் திணித்தேன். நான்கு நாளாகிறது, ஒரு கீறல் இல்லை.

அதன் உச்சியில் இரும்புத் தகடு போர்த்திய முற்றுகைக் கோபுரம். 60 முழம் என்று அந்தக் காலத்து யூத வரலாற்றாசிரியர் ஜோசஃபஸ் எழுதுகிறார். தீக்குச்சியில் செய்தால் ஒன்றரை சென்டிமீட்டர்கூட வரவில்லை. மேலிருந்து பார்க்கக் கடுகு மாதிரி இருக்கிறது. கண்ணை மதில் விளிம்புக்கு இறக்கிப் பார்த்தேன், வானத்தை அடைத்துக்கொண்டு நின்றது. உள்ளே இருந்தவர்கள் அந்தப் பாதை உயர்வதைத் தினமும் பார்த்திருப்பார்களே என்று நினைத்ததும் கை ஓடவில்லை.

உச்சியில் ஆட்களை வைக்கவில்லை. ரோமர்கள் நுழைந்தபோது, பிடிபடாமலிருக்கத் தங்களையே மாய்த்துக்கொண்டு 960 பேர் இறந்து கிடந்தார்கள், நிலத்தடி நீர்வழியில் ஒளிந்திருந்த இரண்டு பெண்களும் ஐந்து குழந்தைகளும் மட்டும் பிழைத்தார்கள் என்கிறார் ஜோசஃபஸ். வடக்கு முனையில் யூதேயாவின் அரசன் ஏரோது கட்டிய மூன்றடுக்கு அரண்மனை இன்னும் பாக்கி. அதற்கு முன்னால், அந்த ஏழு பேருக்காக உச்சியில் குண்டூசியால் ஒரு துளை போட்டு உள்ளே கறுப்பு மை தொட்டு வைத்திருக்கிறேன்.