கங்கு நுழையாம வலை அடைக்கிறது: மூணாவது தடவையும் சொதப்பல்

காட்டுத்தீயில பறந்து வர்ற கங்கு, அதான் எரியுற நெருப்புத் துண்டு, வீட்டுக்குள்ள நுழையாம கூரை ஓட்டை எல்லாம் வலை வச்சு அடைச்சாச்சுன்னு போன வாரம் பெருமையா சொல்லிட்டு திரிஞ்சேன், நேத்து ராத்திரி மானம் போச்சு. மச்சினனை பரண்ல ஏத்தி டார்ச்சை ஓரமா சுத்தி அடிக்கச் சொல்லிட்டு நான் வெளிய இருட்டுல நின்னு பாத்தா, தகரக் கூரை ஓரம் பூரா சீரியல் செட் போட்ட மாதிரி புள்ளி புள்ளியா வெளிச்சம். "மாமா, எத்தனை?"ன்னு மேலருந்து கத்துறான். 17!

புல் வெட்டுறது, சருகு அள்ளுறது எல்லாம் முடிச்சவங்களுக்குத்தான் இது. காட்டுத்தீயில முக்கால்வாசி வீடு நேரா வர்ற தீயால போறதில்ல, காத்துல முன்னாடியே பறந்து வர்ற கங்கு இந்த மாதிரி சந்துல புகுந்து பரண்ல விழுந்துதான் போகுது. அதனாலதான் இந்த பைத்தியம்.

முதல் தடவை கொசுவலை அடிச்சேன், அப்புறம் ஒரு துண்டுல லைட்டரை காட்டினா நொடியில சுருங்கி ஒழுகுது. அடுத்து கடைக்காரர் "இதான் சார் ஸ்ட்ராங்"னு தலையில கட்டினது கோழிக்கூண்டு வலை, அதுல கங்கு என்ன, குருவியே போயிடும். வலையோட கண்ணு 3 மில்லிமீட்டருக்கு மேல இருக்கக்கூடாது, அதுவும் துரு ஏறாத கம்பி வலையா இருக்கணும். இந்தத் தடவை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்லயே வாங்கிட்டேன்.

வலை சரி, அலைதான் பிரச்சனை. தகரம் அலை அலையா மடிஞ்சிருக்குல்ல, அந்த ஒவ்வொரு அலைச் சந்துக்கும் ஒரு சாண் வலைத் துண்டு வெட்டி, பாய் மாதிரி சுருட்டி, ஸ்க்ரூடிரைவர் பிடியால உள்ள குத்தணும். தளர்வா சுருட்டினாத்தான் அது விரிஞ்சு தானா பிடிச்சுக்கும், நான் என்னடான்னா அழகா இருக்கணும்னு பீடி மாதிரி இறுக்கி சுருட்டி வச்சேன், பகல்ல தகரம் சூடாகி விரிஞ்சு ராத்திரி சுருங்கி ஒவ்வொண்ணா வழுக்கி வெளிய வந்துருச்சு. சிமெண்ட் பூசிடலாமேன்னு மச்சினன் சொல்றான். தகரம் அசையுற அசைவுக்கு அது வெடிச்சிடும்டா, பரணுக்கு காத்தும் வேணும். இப்ப எல்லா சுருள்லயும் கட்டுக்கம்பியை கோத்து கூரைச் சட்டத்துல முறுக்கிட்டு வரேன். வெட்டின ஓரம் ஊசி மாதிரி இருக்கு, கையுறை போட்டும் கட்டைவிரல் கிழிஞ்சுது.

நடுவுல பெட்ரோல்ல ஓடுற தண்ணி மோட்டாரையும் நோண்டினேன், தீ வந்தா கரண்ட் முதல்ல போயிடும்ல. ராத்திரி முழுக்க தண்ணி நிரப்பி வச்சாலும் காலையில ஏர் புடிச்சுக்குது, உறிஞ்சுற குழாய் அடியில தண்ணி திரும்பிப் போகாம பிடிக்கிற ஃபுட் வால்வ் ஒழுகுதுன்னு நினைக்கிறேன், கழட்டல இன்னும். விறகு அடுக்கை சுவத்துலேர்ந்து 10 மீட்டர் தள்ளணும், சுவத்தை ஒட்டி 1.5 மீட்டருக்கு ஜல்லி கொட்டணும், வாசல் தேங்காநார் மிதியடியை தூக்கணும். இதுல மிதியடிக்குத்தான் வீட்டம்மா சண்டை.

இவ்வளவும் நாங்க இல்லாதப்ப வீடு தாங்கத்தான், கிளம்புன்னு சொல்லிட்டா பையை தூக்கிட்டு கிளம்பிடுவோம்.

9 அலை முடிஞ்சுது. வலை தீந்துருச்சு.