யாருன்னு தெரிஞ்சுட்டா?

"யாருன்னு தெரிஞ்சுட்டா என்ன செய்யறது, தம்பி?"

தென்னாப்பிரிக்காவில் நான் நடத்தும் துப்பாக்கிப் பயிற்சி வகுப்பு அது, முழுக்க இங்கிலீஷில்தான் நடந்துகொண்டிருந்தது. அன்று பன்னிரண்டு பேர். அந்த ஆன்ட்டி காலையிலிருந்து எல்லாவற்றையும் இங்கிலீஷில்தான் கேட்டார், இந்த ஒரு கேள்வியைத் தவிர. மற்றவர்களுக்குப் புரியக்கூடாது என்றுதான் தமிழுக்கு மாறினார் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. வயதானவர்கள் சிலர் என்னிடம் தமிழ் பேசிப் பார்ப்பார்கள். தங்கள் ஆயா பேசியது மாதிரி இருக்கிறது என்று சந்தோஷப்படுவார்கள். அந்த மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

"தெரிஞ்ச ஆள்னா சுட வேண்டியதே இல்லையே, ஆன்ட்டி. அதுக்குத்தானே கையில டார்ச்."

"சரி" என்றார். காது மூடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

ஏழு மாதமாக இந்த மூன்று வரிகளைத்தான் மனசுக்குள் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்க்கிறேன்.

அந்தக் கேள்வி வந்த இடத்தைச் சொல்ல வேண்டும். குறியை அடையாளம் தெரியாமல் சுடாதே என்பதை விளக்க, எந்த வகுப்பிலும் இங்கத்திய ஓட்டப்பந்தய வீரர் ஆஸ்கர் பிஸ்டோரியஸின் வழக்கைச் சொல்லிவிடுவேன். 2013 பிப்ரவரி 14 விடியற்காலை, பூட்டியிருந்த கழிவறைக் கதவு வழியாக நான்கு குண்டுகள். உள்ளே இருந்த அவர் காதலி ரீவா செத்துப்போனார். திருடன் என்று நினைத்தேன் என்றார் அவர். 2014ல் கீழ்க்கோர்ட்டு அதைக் கொலையல்லாத மரணக் குற்றமாகத்தான் எடுத்துக்கொண்டது. 2015 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைக் கொலை என்று மாற்றியது. கதவுக்குப் பின்னால் இருந்தது ரீவாவா திருடனா என்பது முக்கியமில்லை, யாரோ ஒருவர் இருக்கிறார், சுட்டால் செத்துப்போகலாம் என்று தெரிந்தே சுட்டார் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். அதாவது, வந்தவர் யார் என்பதை வைத்துச் சட்டம் பேசுவதில்லை. அவர் என்ன செய்துகொண்டிருக்கிறார், உன் உயிருக்கு இந்த நிமிடம் ஆபத்து உண்டா, இதைத்தான் கேட்கும்.

இதைச் சொல்லி முடித்த கையோடுதான் ஆன்ட்டி கேட்டார். நான் சொன்ன பதில், ஒரு நிமிடம் முன்னால் நானே கற்றுக்கொடுத்ததற்கு நேர் எதிர். தெரிந்த ஆளாக இருந்தாலும் கத்தியோடு மேலே பாய்ந்தால் ஆபத்து ஆபத்துதான். தெரியாத ஆளாக இருந்தாலும் முதுகைக் காட்டி ஓடினால் சுடக்கூடாது. இருபது வருடமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறவன், அந்த நேரத்தில் ஏன் அப்படிச் சொன்னேன்?

அவர் என்ன கேட்கிறார் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது, புரிந்ததை மூடிவைக்கத்தான் அவசரமாக ஒரு பதிலைச் சொன்னேன் என்று சில நாள் நினைக்கிறேன். இல்லை, வெயில், பன்னிரண்டு பேர், கையில் நிஜத் தோட்டாக்கள், அந்த இடத்தில் யாருக்குத்தான் யோசிக்க நேரம் என்று சில நாள். இரண்டும் எனக்கு உண்மையாகத்தான் படுகிறது.

அறிகுறி இல்லாமல் இல்லை. துப்பாக்கி தேர்வு பற்றிப் பேசியபோதே இருந்தது. தற்காப்புக்கென்று இங்கே சட்டம் ஒரு ஆளுக்கு ஒரே ஒரு துப்பாக்கிதான் கொடுக்கும். லைசென்ஸ் ஐந்து வருடம், அதற்கு 200 தோட்டாவுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. ஒன்றுதான் என்பதால் தேர்வில் நான் ரொம்பக் கவனமாக இருப்பேன். பாதிப்பேர் ஷாட்கன் என்றுதான் ஆரம்பிப்பார்கள், அந்தப் பம்ப் சத்தம் கேட்டாலே திருடன் ஓடிவிடுவான் என்று. ஓடலாம், ஓடாமலும் போகலாம். டர்பனில் நம் இந்தியர்கள் வாழும் சாட்ஸ்வொர்த்தில் நம் வீட்டு நடையில் மூன்று கிலோ நீளத் துப்பாக்கியைத் திருப்புவதே பெரும்பாடு. ஆன்ட்டி என் தோள் உயரம்கூட இல்லை. அதை நான் பேச்சிலேயே எடுக்கவில்லை.

ஒன்பது மில்லிமீட்டர் பிஸ்டலைக் கொடுத்துப் பார்த்தேன். ஸ்லைடை இழுக்க வரவில்லை. கட்டைவிரல் மூட்டு வீங்கியிருந்தது. நாற்பது வருடம் துணி ஃபேக்டரியில் தைத்த கை அது. துப்பாக்கியை வயிற்றோடு ஒட்டிப் பிடித்து, இழுப்பதற்குப் பதிலாக முன்னால் தள்ளச் சொல்லிக்கொடுத்தேன், அதுதான் வழக்கமான வழி. மூன்றில் ஒரு தடவை ஸ்லைடு பாதியில் நின்றது. இரவு இரண்டு மணிக்குப் பாதியில் நின்றால் அவ்வளவுதான். ஆகவே பாயிண்ட் 38 ரிவால்வர். சுழல் உருளையைத் திறந்தால் எத்தனை தோட்டா இருக்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். இழுக்க எதுவும் இல்லை, சிக்கவும் எதுவும் இல்லை. ஆனால் விசை கனம், தூரமும் நீளம். பிஸ்டலின் விசையைப் போல இரண்டு மடங்கு அழுத்த வேண்டும்.

"இந்தக் கனம் உங்களுக்கு நல்லதுதான், ஆன்ட்டி. முடிவெடுக்கக் கொஞ்சம் நேரம் கொடுக்கும்" என்றேன். யோசித்துச் சொன்ன வார்த்தை இல்லை. எல்லாரிடமும் சொல்வதுதான்.

அப்புறம் சேஃப் பற்றிய பேச்சு. துப்பாக்கி உடம்பில் இல்லாதபோது பூட்டிய சேஃபில்தான் இருக்க வேண்டும். சேஃபைச் சுவரிலோ தரையிலோ போல்ட் போட்டு இறுக்கியிருக்க வேண்டும், போலீஸ் வந்து பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடும். ஆன்ட்டி, சாவி போட்ட சேஃபா நம்பர் போட்ட சேஃபா என்று கேட்டார். சாவி போதும், மின்சாரம் பேட்டரி என்று கவலை இல்லை என்றேன். "எங்க வீட்டுல சாவி தங்காது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எதுவுமே தங்காது. பித்தளைச் சொம்புகூட போயிருச்சு. பின்பக்கக் குழாய் போயிருச்சு" என்றார்.

வெளியாள் யாரும் சாமி அறைக்குள் போய்ப் பித்தளைச் சொம்பை எடுக்க மாட்டான். ஷுகர்ஸ் என்கிற ஹெராயின் கலந்த போதைத்தூள் அடிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டில் எது எந்த வரிசையில் காணாமல் போகும் என்று எங்கள் தெருவில் பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். முதலில் ஃபோன், அப்புறம் குழாய், செம்புக்கம்பி, பாத்திரம். என் சொந்தச் சித்தி வீட்டில் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரியாதா?

மத்தியானம் படம் போட்ட தாள்களை மாட்டினேன். பரீட்சைக்கு அது தேவையில்லை, பரீட்சைத் தாள் வெறும் வட்டம்தான். இது நானாகச் சேர்த்துக்கொண்டது. ஒரு இளைஞனின் படம், தலையில் தொப்பிச் சட்டை, கையில் ஃபோன். அடுத்து அதே இளைஞன், அதே சட்டை, கையில் கத்தி. முதலாவதைச் சுடக்கூடாது, இரண்டாவதைச் சுட வேண்டும். எது எப்போது வரும் என்று சொல்ல மாட்டேன்.

முதல் தாள் திரும்பியது. ஆன்ட்டி ரிவால்வரைத் தூக்கினார், பார்த்தார், இறக்கினார். சரியான முடிவு. பாராட்டினேன்.

இரண்டாவது தாள் திரும்பியது. தூக்கினார். நான் வலது பக்கம் ஒரு அடி தள்ளி நின்று அவர் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அதுதான் என் வேலை. விரல் அழுத்தியது. சுத்தியல் பின்னால் எழுந்தது, உருளை நகரத் தொடங்கியது. பாதியில் நின்றது. அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார், முழங்கைவரை நடுக்கம். அப்புறம் விரலை மெல்ல விட்டார். சுத்தியல் திரும்ப உட்கார்ந்தது. துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார்.

நான் எதுவும் கேட்கவில்லை. "பரவாயில்லை, அடுத்தது" என்றேன்.

வட்டத் தாளில் அவர் அன்று வகுப்பிலேயே நன்றாகச் சுட்டவர்களில் ஒருவர். என் உள்ளங்கைக்குள் அடங்கும் எல்லாக் குண்டும். சட்டப் பாடத்திலும் தேறினார். அவருக்குக் குடிப்பழக்கம் இல்லை, வழக்கு இல்லை, வயது 21ஐத் தாண்டி மூன்று மடங்கு. கையெழுத்துப் போடாமல் இருக்க எனக்கு எந்தக் காரணமும் எழுத்தில் இல்லை. போட்டேன்.

இரண்டு நாள் கழித்து ஃபோன் செய்தேன். அதைச் செய்தேன் என்பதையும் பதிவு செய்ய வேண்டும், ஏனென்றால் ஒன்றுமே செய்யாதவன் இல்லை நான். சுற்றிவளைக்காமல் கேட்டேன், வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று. "மகன்" என்றார். கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம், குடும்ப வன்முறைச் சட்டம் 1998லிருந்தே இருக்கிறது, பெற்ற பிள்ளைமேலும் கேட்கலாம், வக்கீல் தேவையில்லை, வீட்டைவிட்டே வெளியே நிறுத்தலாம் என்றெல்லாம் சொன்னேன்.

பொறுமையாகக் கேட்டார். "போன வருஷமே வாங்கிட்டேன், தம்பி. பேப்பர் ஃப்ரிட்ஜ் மேல இருக்கு. அவனும் வீட்டுலதான் இருக்கான்."

அப்போதாவது, இந்தத் துப்பாக்கி வேண்டாம் ஆன்ட்டி என்று சொல்லியிருக்க வேண்டும். லைசென்ஸ் அதிகாரிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. என்ன உரிமையில் சொல்வேன்? என் இடுப்பில் ஒன்று இருக்கிறது. அவரைவிட நான் நல்ல தெருவில் இருக்கிறேன், பக்கத்து வீட்டோடு ஒட்டாத சுவர், கேட், நாய், பட்டனை அழுத்தினால் காவல் கம்பெனி வண்டி. தற்காப்பு என்ற காரணத்தையே லைசென்ஸிலிருந்து எடுத்துவிட 2021 மே மாதம் அரசு ஒரு மசோதா வரைவு வெளியிட்டதே, அதை எதிர்த்துக் கடிதம் எழுதியவன் நான். போலீஸ் வராத இடத்தில் கிழவிகளும் விதவைகளும் என்ன செய்வார்கள் என்று அதில் எழுதினேன். ஆன்ட்டி மாதிரி ஒருவரை நினைத்துத்தான் எழுதினேன். அந்த வருடம் ஜூலைக் கலவரத்தில் கடைகள் எரிந்தபோது, டர்பனின் இன்னொரு இந்தியப் பகுதியான பீனிக்ஸில் மட்டும் 36 பேர் செத்தபோது, அதே கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். பயந்தவன் கையில் துப்பாக்கி என்ன செய்யும் என்று அப்போது தெருவிலேயே பார்த்தோம். அப்போதும் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. இன்றும் மாற்றிக்கொண்டேன் என்று சொல்ல மாட்டேன். பயிற்சி இல்லாததுதான் ஆபத்து என்று அன்று சொன்னேன். இங்கே பயிற்சி கொடுத்தது நான்.

பாதியில் நின்ற அந்த விரலை இரண்டு விதமாகவும் பார்த்துவிட்டேன். அவரால் சுட முடியாது, ஆகவே எந்தத் தாயும் செய்யக்கூடாததை அவர் செய்ய மாட்டார் என்று ஒரு ஆறுதல். ஆனால் வகுப்பில் நான் முதலில் சொல்வதே, சுட மனசில்லாதவர் துப்பாக்கியை வெளியே எடுக்கக்கூடாது என்பதுதான். எடுத்துக்கொண்டு சுடாமல் நின்றால் அது அடுத்தவன் கைக்குப் போகும். சொம்பை விற்றவனுக்கு பாயிண்ட் 38 என்ன விலை போகும் என்று தெரியாமலா இருக்கும்? அது நாளைக்கு யார் வீட்டுக் கதவைத் தட்டும்?

அவர் உண்மையில் மகனைச் சுடத்தான் கேட்டாரா? அதுவும் எனக்கு நிச்சயமில்லை. சரக்குக் கடன் வசூலிக்க ராத்திரி வருகிறவர்களைப் பற்றிக் கேட்டிருக்கலாம், அவர்களும் தெரிந்த முகங்கள்தான், இதே தெருப் பிள்ளைகள். அல்லது, சுடக்கூடாது என்று என் வாயால் கேட்டுக்கொண்டு போகத்தான் வந்தாரோ என்னவோ. அப்படியென்றால் நான் சொன்ன தப்பான பதில்தான் அவருக்கு வேண்டியிருந்த பதில். இப்படி யோசித்தால் அன்றைக்குத் தூக்கம் வருகிறது. மறுநாள் இது நானாகக் கட்டிக்கொள்கிற சமாதானம் என்று படுகிறது.

அதற்குப் பிறகு ஒன்றை மாற்றினேன். பதிவு செய்யும்போதே, வீட்டில் உங்களோடு யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதி வாங்குகிறேன். போன மாதம் ஒரு அண்ணன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இது உங்களுக்கு எதற்கு என்றார். கேட்டதில் நியாயம் இருந்தது. என்னிடம் பதில் இல்லை, அந்தக் கட்டத்தை காலியாக விட்டுவிடுங்கள் என்றேன்.

போன செவ்வாய்க்கிழமை ஆன்ட்டி ஃபோன் செய்தார். லைசென்ஸ் வந்துவிட்டதாம், கடையிலிருந்து ரிவால்வரை எடுத்துவிட்டாராம், நம்பர் போட்ட சேஃப் மாட்டியாகிவிட்டதாம். கை பழகணும், எப்போ வரலாம் என்று கேட்டார். குரலில் பழையபடி எந்தப் பதற்றமும் இல்லை. மகன் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். "இருக்கான்" என்றார்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன், வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து. அந்தக் கத்திப் படத் தாளை அன்றைக்குப் பிறகு நான் யாருக்கும் மாட்டவில்லை. ஓட்டை விழாமல் சுருட்டியபடி அலமாரிக்குப் பின்னால் இருக்கிறது. நேற்று வெளியே எடுத்துத் தூசி தட்டி வைத்தேன். மாட்டுவதா என்று இன்னும் தெரியவில்லை.