டெக்னிக்கல் செக்கில் திரும்பி வந்த கட்டுரை: எண்ணூர் ஆய்வு ஒன்றை ஜர்னலுக்கு அனுப்பிய அனுபவம்

"வழிகாட்டு நெறிகளின்படி இல்லை, திருத்தி மீண்டும் சமர்ப்பிக்கவும்." ஜர்னல் அலுவலகத்திலிருந்து வந்தது இந்த ஒரு வரிதான். எந்த நெறி, எந்தப் பக்கம், எந்தப் படம் என்று ஒரு விவரமும் கிடையாது. கேட்டு மெயில் போட்டால் அதே வரி மறுபடி வருகிறது. கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்தபிறகு பாடு முறைத் தொழில் (மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம்) எப்படி மாறியது என்று காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் மீனவர்களிடம் பேட்டி எடுத்து எழுதிய கட்டுரை அது. ஆய்வில் குறை என்றால் ரிவ்யூவர் (கட்டுரையை மதிப்பிடும் துறை ஆய்வாளர்) சொல்லட்டும், திருத்திக்கொள்ளலாம். ரிவ்யூவர் கண்ணிலேயே படாமல், வடிவத்தை மட்டும் பார்க்கும் டெக்னிக்கல் செக்கில் நின்றதுதான் வயிற்றெரிச்சல். இப்போது ஒருவழியாக ரிவ்யூவுக்குப் போய்விட்டது. தமிழில் பேட்டி எடுத்து ஆங்கில ஜர்னலுக்கு அனுப்புகிற எல்லாருக்கும் இதே இடங்களில்தான் இடிக்கும் என்பதால் எழுதி வைக்கிறேன்.

கவர் லெட்டர், கீவேர்டு, நிதி உதவி அறிவிப்பு இவற்றில் சிரமமே இல்லை.

பெரிய தொல்லை தமிழ் எழுத்துரு. தங்கசாலைப் பக்கம் டிடிபி கடைகளில் வேகமாக அடித்துத் தருவார்கள். ஆனால் பழகிய கைகள் பல இன்னும் பாமினியில்தான் ஓடுகின்றன. பாமினி யூனிகோடு (எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்திருக்கும் எழுத்துரு அது. அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, பக்கத்தில் ஓர் அரைப்புள்ளி என்று தெரியும். ஜர்னல் சர்வரில் பாமினியை எதிர்பார்க்க முடியாது. பேட்டி வரிகள் முழுவதும் ஆங்கிலக் குப்பையாகப் போய் நிற்கும். அடிக்கக் கொடுக்கும்போதே "யூனிகோடில் வேண்டும், வேர்டு ஃபைலாக வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே பாமினியில் இருப்பதை என்எச்எம் கன்வர்ட்டர் மாதிரி ஒன்றில் மாற்றலாம். முழு ஃபைலையும் அதில் போடாதீர்கள். நடுவில் வரும் ஆங்கிலச் சொற்களும் சேர்ந்து மாறிக் கெட்டுவிடும். தமிழ்ப் பத்திகளை மட்டும் எடுத்து மாற்றி ஒட்ட வேண்டும்.

மாற்றியதைக் கண்ணால் படித்தால் போதாது, ஃபைண்டில் தேட வேண்டும். முதலில் 'ா்', அதாவது ரகர மெய்க்குப் பதில் துணைக்காலும் புள்ளியும். 'அவர்' என்பது 'அவா்' என்று கிடக்கும். பல ஃபான்ட்களில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால் புரூஃப் பார்க்கிறவர் விட்டுவிடுவார். அடுத்து, 'கௌரவம்' என்பது கொம்பும் ளகரமுமாகக் 'கெளரவம்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கொ, கோ வரிசை. பழைய எழுத்துருவில் கொம்பு எழுத்துக்கு முன்னால் அடிக்கப்படும். யூனிகோடில் அது எழுத்துக்குப் பின்னால் பதிவாக வேண்டும். வரிசை மாறாமல் வந்துவிட்டால் கொம்பு ஒரு புள்ளி வட்டத்தோடு தனியாக நிற்கும், அடுத்து 'கா' நிற்கும். 'கொசஸ்தலை' என்ற பெயர் வந்த இடமெல்லாம் இப்படித்தான் உடைந்திருந்தது. ஆற்றின் பெயரையே படிக்க முடியாத ஆற்றுக் கட்டுரையை யார் ரிவ்யூவுக்கு அனுப்புவார்கள்?

வேர்டில் சரியாக இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். சப்மிஷன் சிஸ்டம் தன் பங்குக்கு ஒரு பிடிஎஃப் உருவாக்கும். ரிவ்யூவர் படிப்பது அதைத்தான். அப்ரூவ் பட்டனை அழுத்துமுன் அந்த பிடிஎஃப்பை இறக்கி, தமிழ் வரும் ஒவ்வொரு பக்கத்தையும் பாருங்கள். வேர்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் போய் ஃபான்ட்டை ஃபைலோடு பதிக்கும் வசதியை டிக் செய்தால் சில சிஸ்டங்களில் சரியாகிவிடும், சிலவற்றில் அப்போதும் கட்டம் கட்டமாகத்தான் வரும். எங்களுக்குக் கைகொடுத்த வழி: மூலக் கட்டுரையில் ஆங்கில மொழிபெயர்ப்பும் ரோமன் எழுத்துப்பெயர்ப்பும் (தமிழ் ஒலியை ஆங்கில எழுத்தில் எழுதுவது) மட்டும், தமிழ்ப் பேட்டி வரிகள் முழுவதும் பின்னிணைப்பாகத் தனி பிடிஎஃப்பில். எழுத்துப்பெயர்ப்புக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் முறையைக் கடைசிவரை ஒரே சீராகப் பிடித்துக்கொள்ளுங்கள். அதில் ழ, ற, ன மூன்றுக்கும் ரோமன் எழுத்தின் அடியில் கோடு, ட, ண, ள மூன்றுக்கும் அடியில் புள்ளி. ஒரு பக்கத்தில் கோடும் மறு பக்கத்தில் வெறும் எழுத்துமாக இருந்தால் காப்பி எடிட்டர் கேள்விமேல் கேள்வி அனுப்புவார்.

அடுத்த இடி படங்கள். கழிமுக வரைபடத்தை வாட்ஸப்பில் அனுப்பி வாங்கினால் அங்கேயே தரம் போய்விடும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது பென் டிரைவில் வாங்குங்கள். பெரிய பதிப்பகங்கள் சில கேட்கும் கணக்கு இது: ஒரு பத்தி (பக்கத்தின் ஒரு நெடுவரிசை) அகலம் 90 மில்லிமீட்டர். புகைப்படத்துக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு) என்றால் அகலத்தில் 1063 பிக்சல் வேண்டும். வெறும் கோட்டுப் படத்துக்கு 1000 டிபிஐ, 3543 பிக்சல். சின்னப் படத்தை ஃபோட்டோஷாப்பில் திறந்து டிபிஐ பெட்டியில் 1000 என்று அடித்தால் எண் மாறுமே தவிர, படம் தெளிவாகாது. வரைபட மென்பொருளான கியூஜிஐஎஸ்-இல் வரைந்ததாக இருந்தால் பிரின்ட் லேஅவுட்டில் எக்ஸ்போர்ட் ரெசல்யூஷனைக் கூட்டி மறுபடி எடுப்பதுதான் ஒரே வழி. ஆகவே மூல ஃபைலைக் கட்டுரை அச்சாகும்வரை அழிக்காதீர்கள்.

படத்திலுள்ள எழுத்தின் அளவைப் பலரும் கவனிப்பதில்லை. 190 மில்லிமீட்டர் அகலத்துக்கு வரைந்து 10 பாயின்டில் ஊர்ப்பெயர் போட்ட வரைபடத்தை ஒரு பத்திக்குச் சுருக்கினால் அந்த எழுத்து 5 பாயின்டுக்கும் கீழே போய்விடும். 7 பாயின்டாவது இருக்க வேண்டும் என்பது பரவலான விதி. எங்கள் வரைபடத்தில் சிவன்படைக்குப்பம் கரும்புள்ளியாகவே இருந்தது. கடைசியில் அச்சு அகலத்திலேயே புதிதாக வரைந்தோம். வேர்டுக்குள் படம் ஒட்டுகிறவர்கள் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு போய் படத்தைச் சுருக்க வேண்டாம் என்ற டிக்கைப் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் சேவ் செய்யும்போது வேர்டு தானாகவே சுருக்கிவிடலாம். இணையத்தில் திறந்த வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப் அடிப்படையில் வரைந்திருந்தால் அதன் பங்களிப்பாளர்களுக்கு நன்றி வரி படத்திலோ விளக்கத்திலோ கட்டாயம்.

பெயர் விஷயம் நம் ஊருக்கே உரிய சிக்கல். சிஸ்டத்தில் ஃபேமிலி நேம் பெட்டியைக் காலியாக விட முடியாது. நமக்கோ இனிஷியல்தான் உண்டு. ஓரெழுத்தைப் போட்டால் மேற்கோளில் அந்த ஓரெழுத்தே குடும்பப் பெயராகிவிடும். அப்பா பெயரை விரித்துப் போட்டால் ஆய்வு அவர் பெயரில் பட்டியலாகும். எதையாவது ஒன்றை முதலிலேயே முடிவு செய்து, 16 இலக்க ஆர்கிட் எண் (ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் உரிய தனி அடையாள எண்) வாங்கி, மற்ற வடிவங்களை அங்கே மாற்றுப் பெயர்களாகச் சேர்த்துவிடுங்கள். தலைப்புப் பக்கம், சிஸ்டம், காப்புரிமைப் படிவம் மூன்றிலும் ஒரே வடிவம், ஒரே ஸ்பெல்லிங். பிறகு மாற்ற நினைத்தால் எல்லா ஆசிரியர்களின் கையெழுத்தோடு கடிதம் கேட்பார்கள். வியாசர்பாடியில் ஒருவர், திருவொற்றியூரில் ஒருவர் என்று அலைந்து கையெழுத்து வாங்குவது வீண் அலைச்சல். அந்தத் தாளைப் போனில் படம் பிடித்து ஏற்றாதீர்கள், நிழல் விழுந்தால் திருப்பிவிடுவார்கள். கல்மண்டபத்தில் ஏதாவது ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.

மனிதர்களிடம் ஆய்வு செய்ய அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டி கடிதத்திலும் கவனம் வேண்டும். அனுமதி எண்ணும் தேதியும் ஆய்வுமுறைப் பகுதியில் வர வேண்டும். கடிதத்திலுள்ள தலைப்பும் கட்டுரைத் தலைப்பும் வேறாக இருந்தால் விளக்கம் கேட்பார்கள். அதற்காகக் கல்லூரி அலுவலகத்துக்குப் போனால், "செக்‌ஷன் சார் லீவும்மா, சீல் அவர்கிட்டதான் இருக்கு" என்று திருப்பி அனுப்பினார்கள். ஒரு சீலைப் பீரோவில் பூட்டிவிட்டுப் போவதால் ஒரு ஆய்வே நிற்கிறது என்பதை அங்கே யாரும் பொருட்படுத்தவில்லை. இரண்டு தலைப்பும் ஒரே ஆய்வுதான் என்று ஆய்வு வழிகாட்டியான கைடு லெட்டர்ஹெட்டில் ஒரு பக்கம் எழுதித் தந்ததை ஜர்னல் ஏற்றுக்கொண்டது. அலுவலகத்துக்கு நடக்குமுன் இதை முயன்று பாருங்கள்.

ரெஃபரன்ஸுக்கு ஜோடெரோ என்ற மேற்கோள் மென்பொருள் போதும். ஃபீல்டு கோடை (ஃபைலில் மேற்கோளை ஜோடெரோவோடு இணைக்கும் குறியீடு) நீக்கச் சொன்னால் காப்பி எடுத்து வைத்துக்கொண்டு அந்தக் காப்பியில் மட்டும் நீக்குங்கள். நீக்கிவிட்டால் ஸ்டைல் மாற்ற வழி கிடையாது. பெயர் மறைத்து அனுப்பும் ஃபைலில் வேர்டின் இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட் (ஒளிந்த தகவல்களைக் கண்டு நீக்கும் வசதி) ஓட்டாமல் விடாதீர்கள், கமென்ட்டுகளில் கைடு பெயர் ஒளிந்திருக்கும். ஒற்றுமை அறிக்கையில் (பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்ற சோதனை), பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிப்படி 10 சதவீதம்வரை தண்டனை இல்லை. நூற்பட்டியலை விலக்கிவிட்டு ஓட்டச் சொல்லி நூலகரிடம் கேளுங்கள்.

"ஸ்கோப்பஸ் கியாரண்டி" (ஸ்கோப்பஸ் என்ற ஆய்விதழ்ப் பட்டியலில் இடம் உறுதி) என்று வாட்ஸப்பில் வருகிறவர்களை நம்பிப் பணம் கட்டாதீர்கள். யுஜிசி ஏற்ற ஜர்னல்களைச் சொன்ன யுஜிசி கேர் பட்டியல் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்ட பிறகு ஜர்னலைச் சரிபார்க்கும் பொறுப்பு நம் தலையில்தான். பெயரை வைத்துத் தேடாமல் ஐஎஸ்எஸ்என் எண்ணை (ஒவ்வொரு இதழுக்கும் உரிய தனி எண்) வைத்து ஸ்கோப்பஸ் பட்டியலில் தேடுங்கள். ஒரே பெயரில் போலித் தளங்கள் உண்டு. பட்டியலில் இருந்தாலும் அதன் கட்டுரைகளைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டதா என்று ஆண்டையும் பாருங்கள்.

சப்மிட் ஆனதும் சக ஆசிரியர்களுக்கு உறுதிப்படுத்தும் மெயில் போகும். பெரும்பாலும் ஸ்பாமில்தான் விழும். சில ஜர்னல்கள் அத்தனை பேரும் அதைக் கிளிக் செய்யும்வரை கட்டுரையை நகர்த்துவதில்லை. அன்றைக்கே ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, லைனில் இருக்கும்போதே கிளிக் செய்ய வையுங்கள்.